மலையேறி வந்த உள்பாடி

கொல்லிமலையில் எழுபது வயதைத் தாண்டிய பாட்டிகளுக்கு உள்பாடி பாதி ஆயுளுக்குப் பிறகு அறிமுகமான பொருள். சிலர் இன்றுவரை அதைத் தொட்டதே இல்லை. அவர்களுடைய பேத்திகளுக்குப் பத்துப் பதினொரு வயதில் சிம்மீஸ், அடுத்த ஓரிரண்டு வருடத்தில் பிரா. பாட்டியின் நூல்சேலை வாசல் கொடியில் எல்லோர் கண்ணிலும் படக் காய்கிறது. பேத்தியுடையது ஒரு துண்டுக்கு அடியில் ஒளிந்து காய்கிறது. இரண்டு தலைமுறைக்குள் ஒரு மலைச்சமூகத்துப் பெண்களின் உடம்பின் மேல் நடந்த மாற்றம் இது. எழுதுகிறவர்கள் அதிகம் எட்டிப் பார்க்காத மாற்றமும்கூட.

நாகரிகம் வந்தது, ரவிக்கை வந்தது, பிரா வந்தது என்று ஒரே மூச்சில் இதைச் சொல்லி முடித்துவிடலாம். மலைக்குச் சுற்றுலா போய் வருகிறவர்கள் பலர் அப்படித்தான் முடிக்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. மார்பைத் தாங்கிப் பிடிக்க வேண்டிய தேவை மலைப்பெண்ணுக்கு என்றைக்கும் இருந்தது. அதைத் தன் கையாலேயே அவள் தீர்த்துக்கொண்டும் வந்தாள். இப்போது அந்தத் தேவைக்கான பொருள் கீழிருந்து, எண் போட்ட அட்டைப்பெட்டியில் வருகிறது. கிடைத்த நன்மை பெரியது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அவரவர் உடம்புக்கு அவரவர் அளவு என்பது இடையில் எங்கோ கைநழுவிப் போயிருக்கிறது.

அந்தப் பழைய கட்டைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கொல்லிமலையின் மலையாளிப் பழங்குடிப் பெண்கள் முன்பு ரவிக்கை இல்லாமல், கெட்டி நெசவான பருத்திச் சேலையையே மார்பைச் சுற்றி இழுத்துக் கட்டினார்கள். சாமையும் தினையும் கேழ்வரகும் விளையும் சரிவுகளில் குனிந்து களையெடுப்பது, கதிரறுப்பது, விறகுக்கட்டைத் தலையில் வைத்து மேடேறுவது, உரலில் சாமையைப் போட்டு உலக்கையால் குத்துவது என்று நாள் முழுக்கக் கையும் தோளும் ஓயாத வேலை. உலக்கையை எடுக்கும் முன் முந்தானையைக் குறுக்கே இழுத்து இடுப்பில் வரிந்து செருகிக்கொள்வார்கள். வேலை கடினமானால் கட்டு இறுகும். திண்ணையில் உட்கார்ந்தால் தளரும். பிள்ளை அழுதால் ஒரு பக்கம் விலக்கிப் பால் கொடுத்துவிட்டு மறுபடி இழுத்துவிட்டுக்கொள்ளலாம். கர்ப்பத்தில் உடம்பு பெருத்தாலும், பிரசவத்துக்குப் பின் இளைத்தாலும் அதே துணி போதும். அளவெடுக்க ஆளே வேண்டாம். கட்டுகிற கைக்கே அளவு தெரியும்.

இது வெறும் மறைப்பு அல்ல என்பதை உடற்கூறு சொல்கிறது. மார்பகத்துக்குள் தன்னைத் தானே தூக்கி நிறுத்திக்கொள்ளும் தசை கிடையாது. கொழுப்பு, பால் சுரப்பிகள், அவற்றைத் தோலோடு பிணைத்துவைத்திருக்கும் மெல்லிய நார்கள், அவ்வளவுதான். 19-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பர் விவரித்ததால் அந்த நார்களுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. நடந்தாலே மார்பகம் அசைகிறது. ஓடும்போது மேலும் கீழும் மட்டுமல்லாமல் பக்கவாட்டிலும் முன்னும் பின்னும் நகர்கிறது. இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகத்தில் இதை மட்டுமே ஆராயும் ஒரு குழு பல ஆண்டுகளாக இயங்குகிறது. அங்கே கருவிகள் வைத்து அளந்து சொல்வதை, விறகுச்சுமையோடு சரிவில் இறங்கிய பெண் தன் தோளிலும் முதுகிலும் அறிந்திருந்தாள்.

சமவெளியிலும் கதை அப்படியொன்றும் நேர்க்கோட்டில் போகவில்லை. மார்புக் கச்சு பழந்தமிழ்ப் பாடல்களிலேயே பேசப்படுகிறது. சோழர் காலச் செப்புத் திருமேனிகளில் பெருமாளின் இருபுறமும் நிற்கும் தேவியரைப் பாருங்கள்: ஸ்ரீதேவியின் மார்பில் ஒரு பட்டை இருக்கும், பூதேவிக்கு இருக்காது. குசபந்தம் என்று சிற்பநூல்கள் அதற்குப் பெயர் சொல்கின்றன. இருவரில் யார் யார் என்று அடையாளம் காணவே அது உதவுகிறது. ஆக, தாங்கும் பட்டையும் பட்டையில்லாத மார்பும் ஒரே பீடத்தில், ஒரே வழிபாட்டுக்குள் அருகருகே நின்றிருக்கின்றன. இதில் ஒன்று உயர்வு, மற்றது தாழ்வு என்ற எண்ணம் நம் தலைக்குள் பிற்பாடு குடியேறியது.

எவ்வளவு ஆழமாகக் குடியேறியது என்பதற்குத் தென் திருவிதாங்கூரே சாட்சி. இன்றைய கன்னியாகுமரி மாவட்டமும் அதை ஒட்டிய பகுதிகளும் அடங்கிய அந்த நாட்டில் நாடார் பெண்களும் இன்னும் பல சாதிப் பெண்களும் மேல்சாதியார் முன் மார்பை மறைக்கக் கூடாது என்பது வழக்கம். 1810-களில் பிரிட்டிஷ் ரெசிடென்டாக இருந்த கர்னல் மன்றோ, கிறித்தவரான பெண்கள் குப்பாயம் என்ற தளர்ந்த மேற்சட்டை அணியலாம் என்று உத்தரவிட்டார். நாகர்கோவில் வட்டாரத்து மிஷனரிகளின் மனைவியர் அதைத் தைக்கக் கற்றுக்கொடுத்தார்கள். பெண்கள் குப்பாயத்தோடு நிற்கவில்லை. மேல்சாதிப் பெண்களைப்போல் தோள்சீலையும் போட்டார்கள். சந்தையில், தெருவில் அவர்கள் மேலிருந்த துணி இழுத்துக் கிழிக்கப்பட்டது. 1829-இல் அரசாணை தோள்சீலையை மறுத்தது. 1858-இல் மறுபடி கலவரம் மூண்டது. சென்னை கவர்னர் சார்லஸ் டிரெவெலியனின் நெருக்குதலுக்குப் பிறகு, 1859 ஜூலை 26-இல்தான் நாடார் பெண்கள் எல்லோரும் மார்பை மறைக்கலாம் என்று மகாராஜாவின் பிரகடனம் வந்தது. அப்போதும், மேல்சாதிப் பெண்கள் போடும் விதத்தில் போடக் கூடாது என்ற நிபந்தனை ஒட்டிக்கொண்டே வந்தது.

கொல்லிமலையில் இப்படி ஒரு போராட்டம் நடந்ததாகச் சொல்ல வரவில்லை. அங்கே ரவிக்கையின்மை மலையின் சொந்த வழக்கம். திருவிதாங்கூரில் அது மேலிருந்து திணித்த அவமானம். இந்த இரண்டையும் ஒன்றாகக் கட்டிப் பார்ப்பது இரண்டு ஊர்ப் பெண்களுக்கும் செய்யும் அநீதி. ஆனால் தோள்சீலைக்காக அடிபட்ட பெண்களை நினைத்துக்கொண்டால் ஒன்று விளங்கும். மார்பின் மேல் எந்தத் துணி, எப்படி, எவ்வளவு என்று முடிவு செய்யும் உரிமை பெண்ணிடம் இருக்கிறதா என்பதே அன்றைய கேள்வி. இன்றைய கேள்வியும் அதுதான்.

மேற்கில் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், நம் ஊருக்கு வந்த உருவம் அங்கிருந்து புறப்பட்டது என்பதால். ஆஸ்திரியாவின் லெங்பெர்க் கோட்டையில் 2008-இல் பழுதுபார்க்கும் வேலையின்போது, தளத்துக்கு அடியில் அடைந்துகிடந்த பழந்துணிகளுக்கிடையே லினன் துணியில் இரண்டு கிண்ணம் வைத்துத் தைத்த உள்ளாடைகள் கிடைத்தன. 15-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. பார்த்தால் நேற்றுத் தைத்தவைபோல் இருக்கும். பிறகு நூற்றாண்டுக் கணக்கில் இடுப்பையும் விலாவையும் நெரித்த கோர்செட் அங்கே ஆட்சி செய்தது. 1889-இல் பாரிஸில் எர்மினி காதோல் அதை மேல், கீழ் என்று இரண்டாகப் பிரித்தார். 1914-இல் அமெரிக்காவில் மேரி ஃபெல்ப்ஸ் ஜேக்கப் என்ற இளம்பெண், இரண்டு கைக்குட்டைகளையும் நாடாவையும் வைத்துத் தான் தைத்த வடிவத்துக்குக் காப்புரிமை வாங்கினார். 1930-களில் ரப்பர் இழை கலந்த எலாஸ்டிக்கும், ஏ, பி, சி, டி என்ற கிண்ண அளவுகளும் வந்தன. இந்த எழுத்து அளவு முக்கியமானது. உடம்பின் சுற்றளவு வேறு, மார்பகத்தின் பருமன் வேறு, இரண்டையும் தனித்தனியே அளக்க வேண்டும் என்று முதன்முதலில் ஒப்புக்கொண்ட ஏற்பாடு அது. நம் சந்தைகளுக்கு வந்து சேர்வதற்குள் அந்த எழுத்து பெரும்பாலும் உதிர்ந்துவிட்டது. எண் மட்டும் மிஞ்சியது.

தமிழ்நாட்டுச் சமவெளியில் பிரா வருவதற்கு முன்பே தாங்கும் வேலையை ரவிக்கை எடுத்துக்கொண்டது. கிராமத்துப் பெண்கள் போட்ட முடிச்சு ரவிக்கை நினைவிருக்கும். ஊக்கு, கொக்கி எதுவும் இல்லாமல் இரண்டு முனையையும் மார்புக்குக் கீழே இழுத்து முடிச்சுப் போட்டுக்கொள்வது. அந்த முடிச்சு விழும் இடமும் இறுக்கமும்தான் தாங்கல். கூலிவேலைக்குப் போன பெண்களின் கண்டுபிடிப்பு என்றே அதைச் சொல்வேன், காப்புரிமை வாங்காத கண்டுபிடிப்பு. நகரத்தில் 1939-இல் சென்னையில் தையற்கடையாகத் தொடங்கிய நாயுடு ஹால், உள்பாடிக்கே பெயர்போன கடையானது. ஐம்பது, அறுபதுகளின் திரைப்பட நாயகியரின் கூரிய மார்பு வடிவம் தையற்காரர்களின் கத்திரிக்கோலையும் மாற்றியது. முன்பக்கம் கொக்கி வைத்த, கனத்த பருத்தித் துணியில் தைத்த உள்பாடிகள் அம்மாக்களின் பெட்டிகளில் இடம்பிடித்தன. அப்புறம் திருப்பூர். பனியனுக்குப் பேர்போன ஊர், பின்னலாடைத் துணியிலேயே பெண்களின் உள்ளாடைகளையும் மலிவாக, லட்சக்கணக்கில் தைத்துத் தள்ளத் தொடங்கியது.

மலைக்கு அது யார் மூலம் ஏறியது? விளம்பரம் மூலம் அல்ல என்பதை உறுதியாகச் சொல்ல முடியும். ஆசிரியைகள், செவிலியர்கள், கீழிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த பெண்கள், எல்லாவற்றுக்கும் மேலாக உண்டு உறைவிடப் பள்ளிகள். விடுதியில் தங்கிப் படிக்கும் பெண்பிள்ளை சீருடைச் சட்டைக்குள் ஏதாவது போட்டாக வேண்டும். தாவணி போய்ச் சுடிதாரும் மேலே ஓவர்கோட்டும் வந்தபோது அந்தத் தேவை கூடியது. சேலையைப்போல் இழுத்துக் கட்ட முடியாத உடுப்பு, தாங்கலுக்கு இன்னொன்றைக் கேட்கும். மகள் போட்டதைப் பார்த்து அம்மா வாங்கிக்கொண்டாள். பாட்டி வேண்டாம் என்று கையை ஆட்டினாள். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறும் பேருந்துகளில் பலாப்பழமும் மிளகும் வாழைத்தாரும் கீழே போக, மேலே வரும் மூட்டைகளில் நைட்டியும் பாவாடையும் உள்பாடியும் வந்தன. இன்றைக்கு மலைமேல் செம்மேட்டில் கடை இருக்கிறது. சந்தை நாளில் தரையில் தார்ப்பாய் விரித்தும் விற்கிறார்கள்.

அங்கே நடக்கும் பேச்சு பெரும்பாலும் இவ்வளவுதான்: "அண்ணா, முப்பத்திநாலு குடுங்க." "வெள்ளையா, தோல் கலரா?" "எதாச்சும் குடுங்க." ஐந்து விநாடியில் முடிந்துவிடும். விற்கிறவர் ஆண் என்பதால் வாங்குகிறவர் தலை நிமிர்வதில்லை. போட்டுப் பார்க்க இடம் கிடையாது. பொருந்தவில்லை என்றால் மாற்றக் கேட்கக் கூச்சம். முப்பத்திநாலு என்பதே யாரோ தோழி சொன்ன எண், அல்லது ரவிக்கை தைக்கும் அக்கா மார்பைச் சுற்றி எடுத்த எண். அது உள்பாடியின் எண் அல்ல.

ஒரு வரி நீண்டாலும் பரவாயில்லை, இதை இங்கே சொல்லிவிடுகிறேன், பயன்படும். இஞ்சு டேப்பை மார்பகத்துக்குக் கீழே, விலாவைச் சுற்றிச் சற்று இறுக்கமாகப் பிடித்தால் கிடைப்பது பட்டி அளவு. மார்பகத்தின் மிகப் பருத்த இடத்தைச் சுற்றித் தளர்வாகப் பிடித்தால் இரண்டாவது அளவு. இரண்டுக்கும் ஓர் அங்குலம் வித்தியாசம் என்றால் ஏ, இரண்டு என்றால் பி, மூன்று சி, நான்கு டி. கீழே 32, மேலே 35 என்றால் 32 சி. கம்பெனிக்குக் கம்பெனி கணக்கு கொஞ்சம் மாறும், ஆனாலும் இதில் தொடங்கலாம். எடையைத் தாங்க வேண்டியது அடிப்பட்டி, தோள்பட்டி அல்ல. தோளில் பள்ளம் விழுகிறது என்றால் அடிப்பட்டி தொளதொளத்திருக்கிறது என்று பொருள். எழுத்து அளவு இல்லாமல் எண் மட்டும் போட்டு விற்கும் மலிவுச் சரக்கில் கிண்ணம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஒல்லியான உடம்பும் பருத்த மார்பகமும் உள்ள பெண், கிண்ணம் பொருந்த வேண்டும் என்று எண்ணைக் கூட்டிக்கொண்டே போவாள், பட்டி தளரும், பாரம் தோளுக்கும் கழுத்துக்கும் ஏறும். தலைச்சுமை எடுக்கும் பெண்ணுக்கு அந்தக் கழுத்து எவ்வளவு முக்கியம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

காய வைப்பதும் சந்தையில் கண்ட அதே கூச்சத்தின் தொடர்ச்சிதான். கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல் உள்ள மலை. மழையும் மஞ்சும் உள்ள மாதங்களில் எதுவும் எளிதில் காய்வதில்லை. இன்னொரு துணிக்கு அடியில் மறைத்துப் போட்டால் ஈரம் அப்படியே தங்கும். அரை ஈரத்தோடு எடுத்துப் போட்டுக்கொண்டு நாளெல்லாம் வியர்க்க வேலை செய்தால் மார்பின் கீழ்மடிப்பில் அரிப்பும் படையும் வரத்தான் செய்யும். அதையும் வெளியே சொல்ல மாட்டார்கள். பாட்டியின் சேலை வெயிலையும் காற்றையும் நேராக வாங்கிக் காய்ந்தது. இதில் பாட்டி பக்கம் நியாயம் இருக்கிறது.

பயங்களும் கூடவே மலையேறி வந்திருக்கின்றன. பிரா போட்டால் புற்றுநோய் வரும் என்பது ஒன்று. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 1,500-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்தி 2014-இல் வெளியிட்ட ஆய்வில், எத்தனை வயதில் பிரா போடத் தொடங்கினார்கள், நாளைக்கு எத்தனை மணி நேரம் போட்டார்கள், கம்பி வைத்ததா வைக்காததா என்று கேட்டுப் பார்த்தும் புற்றுநோயோடு எந்தத் தொடர்பும் தென்படவில்லை. பால் கொடுத்தால் மார்பு தளர்ந்துவிடும் என்பது இன்னொன்று. கென்டக்கி பல்கலைக்கழகத்தின் அறுவை மருத்துவர் பிரையன் ரிங்கர் குழு இதை ஆராய்ந்தது. வயது, எத்தனை முறை கருத்தரித்தார்கள் என்ற எண்ணிக்கை, புகைப்பழக்கம் ஆகியவை தளர்ச்சியோடு தொடர்புகொண்டிருந்தன. பால் கொடுத்ததற்கும் தளர்ச்சிக்கும் தொடர்பில்லை. தாய்மார்களுக்கு இதை உரக்கச் சொல்ல வேண்டும். பால் கொடுக்கும் தாய்க்குப் பின்பக்கக் கொக்கி வைத்த இறுக்கமான பிராவை விற்பதை நிறுத்திவிட்டு, முன்பக்கம் திறக்கும் பருத்தி உள்பாடியைக் கடைகளில் வாங்கி வைக்கவும் வேண்டும்.

பிரா வந்ததால் கிடைத்த நன்மையை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. பள்ளி விளையாட்டு மைதானத்தில் ஓடும் பெண்பிள்ளைகளைப் பாருங்கள். சரியான தாங்கல் இல்லாததாலேயே பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் ஓட்டத்தை விட்டுவிட்ட பெண்கள் உலகம் முழுக்க உண்டு. விளையாட்டு பிராவே 1977-இல்தான் பிறந்தது. அமெரிக்காவின் வெர்மான்ட்டில் ஓட்டப் பயிற்சிக்குப் போன லிசா லிண்டாலும், பாலி ஸ்மித், ஹிண்டா மில்லர் என்ற இரண்டு பெண்களும், ஆண்கள் விளையாடும்போது அணியும் இரண்டு உள்ளாடைகளை ஒட்டித் தைத்து முதல் மாதிரியைச் செய்தார்கள். ஓடிப் பார்த்து, வலித்து, தாங்களே தைத்துக்கொண்டார்கள். மலையில் வளர்ந்த பிள்ளைகளின் காலுக்கும் நுரையீரலுக்கும் உள்ள வலு நமக்குத் தெரியும். அவர்களுக்குச் சீருடை, புத்தகம், காலணி, புதுயுகம் திட்டத்தில் நாப்கின் எல்லாம் கொடுக்கத் தெரிந்த அரசு, ஓடுவதற்கு ஏற்ற இரண்டு உள்ளாடைகளையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று நான் மனதாரக் கேட்கிறேன்.

இந்த மாற்றத்தில் என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. மலையிலிருந்து வேலை தேடிக் கீழே போகும் இளம்பெண்களில் பலர் திருப்பூருக்கும் கோவைப் பக்கத்து மில்களுக்கும் போகிறார்கள். முதலில் கைமடி என்ற உதவி வேலை, பிறகு செக்கிங், கை பழகினால் ஓவர்லாக், பவர் டேபிள் என்ற தையல் இயந்திரங்கள். நல்ல பிரா ஒன்றில் கிண்ணம், பக்கத்துணி, அடிப்பட்டி, தோள்பட்டி, வளையம், கொக்கிப்பட்டை என்று இருபதுக்கும் மேற்பட்ட உறுப்புகள் உண்டு. ஒவ்வொன்றும் மில்லிமீட்டர் பிசகாமல் உட்கார வேண்டும். அந்த நுட்பம் தமிழ்ப் பெண்களின் கையில் இருக்கிறது. கடல் கடந்தும் அப்படித்தான். போர் முடிந்த பின் இலங்கையின் கிளிநொச்சியில் எம்.ஏ.எஸ். நிறுவனம் திறந்த ஆலைகளில் வன்னிப் பெண்கள் தைக்கிறார்கள். அந்த நிறுவனம் உலகின் பெரிய உள்ளாடை வணிகப்பெயர்களுக்குத் தைத்துக் கொடுப்பது. அயல்நாட்டுப் பெண்ணின் அளவுக்கு, அவளுடைய கிண்ண எழுத்து வரை பார்த்துத் தைக்கத் தெரிந்த கை, தன் அம்மாவுக்கு என்ன அளவு என்று ஒருமுறையும் டேப் பிடித்துப் பார்த்திருக்காது.

அளவெடுக்க யாரும் மலையாளிகளிடம் வரவில்லை என்றும் சொல்ல முடியாது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சேர்வராயன் மலை மலையாளிகளைப் பற்றி எழுதினார். தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909-இல் அவர் வெளியிட்ட ஏழு தொகுதிகளில் எத்தனையோ சமூகங்களின் தலை நீளமும் மூக்கின் அகலமும் பதிவாகியிருக்கின்றன. எந்த அளவும் அளக்கப்பட்டவருக்காக எடுக்கப்படவில்லை.

இப்போது எடுக்கலாம். மலையில் மகளிர் குழுக்கள் இருக்கின்றன. மிளகையும் சிறுதானியத்தையும் சுத்தம் செய்து பொட்டலம் போட்டு விற்கப் பழகியவர்கள். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் சாமை உமி நீக்கும் இயந்திரத்தை ஊருக்குள் கொண்டுவந்தபோது அதை ஏற்று நடத்தியவர்களும் இந்தக் குழுப் பெண்கள்தான். உரலும் உலக்கையும் பெண்களின் தோளைவிட்டு இறங்கியது அப்படித்தான். ரவிக்கை தைக்கும் பெண்கள் பல ஊர்களில் உண்டு. திருப்பூரில் பவர் டேபிள் ஓட்டிவிட்டு, கல்யாணமோ பிரசவமோ என்று ஊர் திரும்பிய பெண்களும் உண்டு. பருத்தித் துணி, எலாஸ்டிக், கொக்கிப்பட்டை மூன்றும் ஈரோட்டிலும் சேலத்திலும் கிடைக்கின்றன. சென்னையிலேயே உள்பாடி பெரிய கடைச் சரக்கானது ஒரு தையற்கடையில் தொடங்கித்தான். கொல்லிமலையின் வளப்பூர் நாட்டிலோ அரியூர் நாட்டிலோ ஒரு வீட்டு அறை, கதவுக்கு ஒரு திரை, உள்ளே அளவெடுக்க ஒரு பெண், அவள் கையில் ஓர் இஞ்சு டேப், முன்கொக்கி வைத்த மூன்று நான்கு மாதிரிகள், பால் கொடுக்கும் தாய்க்கு ஒன்று, ஓடுகிற பிள்ளைக்கு ஒன்று, இத்தனை காலமும் வேண்டாம் என்று கையை ஆட்டிய பாட்டிக்குக் கழுத்தில் மாட்டாமல் முன்னால் முடிச்சுப் போடுவதாக ஒன்று. தையல் இயந்திரம் வாங்க அந்தக் குழுவுக்குக் கடன் கொடுத்தால் இந்த வருடமே தொடங்கிவிடலாம்.